கல்லில் ஏறாத கொடை



சற்று முன்பு இந்த மேடையில் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினீர்கள். உங்கள் அன்புக்குத் தலைவணங்குகிறேன். என் பையில் இன்னொரு துணி இருக்கிறது. அதையும் உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். இதோ பாருங்கள். பச்சைக் கரை போட்ட பருத்தித் துண்டு. ஓர் ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறது. சந்தையில் இதற்குப் பெரிய விலை கிடைக்காது. ஆனால் எங்கள் வீட்டில் பத்திரங்களும் சான்றிதழ்களும் இருக்கிற அதே பீரோத் தட்டில்தான் இதுவும் இருக்கிறது. கொடுத்தவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. ஊர் தெரியாது. இந்தத் துண்டின் கதையைச் சொல்வதற்காகவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

2018ஆம் ஆண்டு மே மாதம். பள்ளி விடுமுறை. அம்மா, என் மனைவி, 9 வயது மகள், 6 வயது மகன், நான் என்று ஐந்து பேரும் தஞ்சாவூருக்குப் புறப்பட்டோம். அம்மாவுக்கு அப்போது 74 வயது. சின்ன வயதில் தன் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பெரிய கோயிலைப் பார்த்தவர். "கண்ணு நல்லாத் தெரியும்போதே பேரப் பிள்ளைங்களோட ஒரு தரம் பார்த்துடணும்டா" என்று இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே கிளம்பினோம். எட்டு மணிக்குள் கோயிலுக்குப் போய்விட வேண்டும் என்பது திட்டம். பேருந்து மாறி, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்து, போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது.

செருப்பை வெளியே விட்டோம். கேரளாந்தகன் திருவாயிலைக் கடந்தோம். இராசராசன் திருவாயிலையும் கடந்தோம். உள்ளே காலை வைத்ததும் 200 அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கிற அந்த விமானம் கண்ணை நிறைத்தது. அம்மா அங்கேயே நின்று கைகூப்பினார். "அப்பா தோள்ல இருந்து பார்த்தப்போ இருந்த அதே உசரம்டா" என்றார். அறுபது, எழுபது ஆண்டுகளில் ஒரு மனிதருக்கு எல்லாமே சிறுத்துப் போகும். பள்ளிக்கூடம் சிறுத்துவிடும், ஊர்க்குளம் சிறுத்துவிடும். பெரிய கோயில் அம்மாவுக்குச் சிறுக்கவில்லை.

மே மாதத் தஞ்சாவூர் வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முற்றம் முழுவதும் தளம். காற்றைக் காட்டிலும் தளம் இன்னும் அதிகமாகச் சுடும். நடப்பதற்கு நார்விரிப்பு போட்டிருந்தார்கள். அதன்மேல் நடந்தவரை ஒன்றும் தெரியவில்லை. விரிப்பை விட்டு இறங்கியவர்கள் எல்லோரும் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடினார்கள். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

நான் வரலாற்று ஆசிரியன். 20 ஆண்டுகளாக வகுப்பறையில் இராசராசனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பவன். என் பிள்ளைகளுக்கு அந்தக் கல்வெட்டுகளை என் கையாலேயே தொட்டுக் காட்ட வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. விரிப்பை விட்டு இறங்கி, இருவரையும் விமானத்தின் அடித்தளத்துக்கு அழைத்துப் போனேன். மூன்று பேரும் நிழல் விழுந்த ஓரமாகப் பார்த்து நின்றுகொண்டோம். வரிசை வரிசையாக எழுத்துகள். கல்லையே ஏடாக்கி எழுதிய கணக்குப் புத்தகம் அது.

அந்த எழுத்துகளில் என்ன இருக்கிறது தெரியுமா? தன்னுடைய 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாளில் இராசராசன் ஓர் ஆணை இடுகிறான். இந்தக் கோயிலுக்கு நான் கொடுத்தவை, என் அக்கா கொடுத்தவை, என் மனைவியர் கொடுத்தவை, மற்றும் யார் யார் கொடுத்தார்களோ அவர்கள் கொடுத்தவை, எல்லாவற்றையும் விமானத்துக் கல்லிலே வெட்டுங்கள் என்பது அந்த ஆணையின் சாரம். அக்கா என்றால் குந்தவையார். ஒரு பேரரசன், தான் கட்டிய கோயிலில், தன் பெயரோடு முடித்துக்கொள்ளாமல் 'மற்றும் கொடுத்தார்' என்று ஓர் இடம் விட்டுவைக்கிறான்! அந்த இடத்தில்தான் எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள்! கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் இருக்கிறது. திருச்சுற்று மாளிகையைக் கட்டுவித்த சேனாபதி கிருஷ்ணன் இராமன் பெயர் இருக்கிறது. ஆடல் பணிக்கு வந்த 400 பெண்களின் பெயர்கள், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது உட்பட இருக்கின்றன. ஊழியம் செய்த நாவிதருக்கும் தையற்காரருக்கும்கூட அந்தக் கல்லில் இடம் இருக்கிறது.

இதையெல்லாம் என் மகளுக்கு விரல் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் 'க' எங்கே, 'த' எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள். நேரம் போனதே தெரியவில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "அண்ணே! அண்ணே! இவங்க உங்க அம்மாவா?"

திரும்பினேன். நாற்பது வயது இருக்கும், ஒரு பெண்மணி. தோளில் ஒரு துண்டு, கையில் தண்ணீர் பாட்டில். பேத்தி படிப்பதைப் பார்க்க அம்மா எங்கள் பின்னாலேயே விரிப்பை விட்டு இறங்கி வந்திருக்கிறார். எங்களுக்கு நாலடி பின்னால், வெட்ட வெளியில், சுடுகிற தளத்தில் நின்று, பேத்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண்மணி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"அம்மாவுக்கு சுகர் இருக்கா?"

"இருக்கும்மா. இருபது வருஷமா இருக்கு."

"அதான் பார்த்தேன். எல்லாரும் குதிச்சுக் குதிச்சு ஓடுறாங்க. அம்மா மட்டும் அசையாம நிக்கிறாங்க. காலு சுடுறது இவங்களுக்குத் தெரியலண்ணே. முதல்ல நெழலுக்குக் கூட்டிட்டு வாங்க."

அவர் ஒரு பக்கமும் என் மனைவி மறுபக்கமுமாகத் தாங்கிக்கொண்டு, அம்மாவைத் திருச்சுற்று மாளிகையின் நிழலில் உட்கார வைத்தார்கள். அந்தப் பெண்மணி தரையில் அமர்ந்து, அம்மாவின் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். முன்பின் தெரியாத ஒருவரின் பாதத்தை. உள்ளங்கால் செக்கச் செவேலென்று இருந்தது. தோளில் இருந்த துண்டை எடுத்து நனைத்தார். மெத்தை போல மடித்துப் பாதங்களுக்குக் கீழே வைத்தார். மேலே தண்ணீரை நூல் போல ஊற்றத் தொடங்கினார். பாட்டில் தீர்ந்தது. என் மகளை அனுப்பித் தன் கூட்டத்தாரிடமிருந்து இன்னும் இரண்டு பாட்டில் வாங்கி வரச் சொன்னார். நிறுத்தாமல் ஊற்றினார்.

அம்மாவுக்குக் கூச்சம். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. வலிக்கவே இல்ல. நீ எந்திரி" என்றார்.

அதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "வலிக்காததுதாம்மா பயமே."

பிறகு தலை நிமிராமலே சொன்னார். "எங்க மாமியாரும் இப்படித்தாம்மா. ஊர்ல கோயில் பிரகாரத்தைச் சுத்தி வந்தாங்க. கொப்புளம் போட்டுச்சு. வலிக்கலன்னு சொன்னாங்க, நாங்களும் விட்டுட்டோம். மொதல்ல கட்டை விரல் போச்சு. அப்புறம் பாதம். அப்ப எனக்குத் தெரியல. இப்பத் தெரியும்."

நான் ஆட்டோ பார்க்க வெளியே ஓடினேன். திரும்பி வந்தபோது அவர் இல்லை. அவர் வந்த சுற்றுலா வேன் கிளம்புகிறது என்று கூட்டத்தார் கூப்பிட்டிருக்கிறார்கள். போகும்போது என் மனைவியிடம், "மஞ்சள், பேஸ்ட்டு, எதுவும் தடவாதீங்கக்கா. இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்று சொல்லியிருக்கிறார். மனைவி "உங்க துண்டு..." என்றதற்கு, "இருக்கட்டும்க்கா, ஈரம் காயாம பார்த்துக்கங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடிவிட்டார். பெயரைக் கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மருத்துவரிடம் போனோம். இடது குதிகாலில் ஒரு ரூபாய் நாணயம் அளவு கொப்புளம். மற்ற இடமெல்லாம் சிவந்திருந்தது, அவ்வளவுதான். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "உடனே தண்ணி ஊத்தினது யாரு?" என்பதுதான். இன்னும் சிறிது நேரம் நின்றிருந்தால் தோல் முழுக்க வெந்திருக்கும் என்றார். மூன்று வாரத்தில் புண் ஆறியது. அம்மா இன்று இரண்டு கால்களாலும் நடக்கிறார்.

அன்பர்களே, அந்த மருத்துவர் எனக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிட வேண்டும். இந்த அரங்கில் சர்க்கரை இல்லாத வீடு எத்தனை இருக்கும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளிவந்தது. நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருக்கிறது என்று அது சொன்னது. பல ஆண்டுகள் ரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் நரம்புகள் பழுதாகின்றன. உடம்பில் மிக நீளமான நரம்புகள் காலுக்குப் போகிறவை. அதனால் பாதம்தான் முதலில் மரத்துப் போகிறது. வலி என்பது நம் உடம்புக்கு வாய்த்த காவல்காரன். அந்தக் காவல்காரன் தூங்கிவிட்டால், முள் குத்தினாலும் தெரியாது, செருப்பு கடித்தாலும் தெரியாது, தீ சுட்டாலும் தெரியாது. சின்னக் காயம் புண்ணாகும். ரத்த ஓட்டமும் குறைந்திருப்பதால் புண் ஆறாது. அதில் கிருமி சேரும். கடைசியில் காலை எடுக்க வேண்டிய நிலை வரும். இத்தனைக்கும் தொடக்கம் ஒரு சிறு கொப்புளம். "வலிக்கல" என்ற ஒரு சொல்.

என் அம்மாவின் பாதம் மரத்துவிட்டது அன்றுவரை எனக்குத் தெரியாது. மாதாமாதம் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படித்தேன். அம்மாவின் உள்ளங்காலை ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய எழுத்தை என்னால் படிக்க முடிந்தது. நாலடி தூரத்தில் நின்ற என் தாயைப் படிக்க முடியவில்லை. அவரைப் படித்தவர், எங்கிருந்தோ வேனில் வந்த ஒரு பெண்மணி. அவ்வளவு பெரிய முற்றத்தில் எத்தனை நூறு பேர் போய்க்கொண்டிருந்தார்கள்! துள்ளாமல் நின்ற ஒரே ஒரு கிழவியை அவர் கண் மட்டும் பிடித்துக்கொண்டது. ஏன்? அந்தப் பாடத்தை அவர் தன் மாமியாரின் கால் போய்க் கற்றிருந்தார். தன் வீட்டில் வந்த துயரத்தைத் தன்னோடு பூட்டி வைக்காமல், அடுத்த வீட்டுக்கு வராமல் தடுப்பதற்கான அறிவாக அதை அவர் வைத்திருந்தார். அன்று அவர் எங்களுக்குக் கொடுத்தது மூன்று பாட்டில் தண்ணீரும் ஒரு துண்டும் மட்டும்தானா? தன் குடும்பம் பெரும் விலை கொடுத்து வாங்கிய அறிவை, விலையில்லாமல் எங்களுக்குக் கொடுத்தார்.

அன்றிரவு பேருந்தில் வீடு திரும்பும்போது என் மகள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, கோயிலுக்குக் குடுத்தவங்க பேரெல்லாம் கல்லுல எழுதியிருக்குன்னு சொன்னீங்களே. பாட்டிக்குத் தண்ணி ஊத்தின அத்தை பேரை எதுல எழுதுறது?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இத்தனை ஆண்டுகளாக அந்தக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருக்கிறேன். கண்டவரையில் உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. கல்லில் எழுதினால் மட்டும் போதாது. அவ்வளவு தெளிவாக வெட்டிவைத்தும், பெரிய கோயிலைக் கட்டியவன் இராசராசன் என்பதையே நம் மக்கள் நெடுங்காலம் மறந்திருந்தார்கள். வேறு யார் யாரோ கட்டியதாகக் கதைகள் வழங்கின. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞரும் அவருடன் பணியாற்றிய வெங்கையாவும் அந்தக் கல்வெட்டுகளைப் படித்துப் பதிப்பித்த பிறகே, கட்டியவனின் பெயர் மீண்டும் உலகத்துக்கு வந்தது. பேரரசன் பெயரே கல்லில் இருந்தும் உறங்கியது என்றால், கல்லை மட்டும் நம்பி என்ன பயன்? படிக்க ஒருவர் வேண்டும், சொல்ல ஒருவர் வேண்டும்.

இரண்டாவது. கல்லில் ஏறாத ஒருத்தியைத் தஞ்சை மக்கள் தங்கள் வாயிலேயே வைத்துக் காத்திருக்கிறார்கள். அழகி என்ற இடைக்குலத்துக் கிழவியின் கதையைக் கேட்டிருப்பீர்கள். கோயில் கட்டிய சிற்பிகளுக்கு வெயிலில் மோர் கொடுத்துவந்தவள். விமானத்தின் உச்சிக்குத் தன் வீட்டில் கிடந்த கல்லையும் கொடுத்தவள். அவள் கொடுத்த கல்லின் நிழலில் சுகமாக இருக்கிறேன் என்று இறைவனே மன்னன் கனவில் வந்து சொன்னதாகக் கதை முடியும். இதைக் கல்வெட்டில் தேடாதீர்கள். இது வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிற கதை. ஆனாலும் இந்தக் கதையை மக்கள் ஏன் விடாமல் சொல்லிவருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பொன் கொடுத்தவர்களின் கணக்கு கல்லில் இருக்கிறது. வெயிலில் நின்றவனுக்கு ஒரு குவளை மோர் கொடுத்த கை எந்தக் கணக்கிலும் இல்லையே என்று நம் மக்களின் மனம் பொறுக்கவில்லை. கல் விட்டதை வாய் எடுத்துக்கொண்டது.

ஆகவே என் மகளுக்கு நான் இன்று சொல்லும் பதில் இதுதான். பெயர் தெரியாதவர் செய்த உதவியைப் பொறிக்க வேண்டிய கல், அந்த உதவியைப் பெற்றவர்தான். பெற்றவன் மறந்தால், அந்தக் கொடை நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். பெற்றவன் சொன்னால், அது நிற்கும். இந்தத் துண்டோடு நான் மேடையேறியதும் அதற்காகத்தான்.

ஆனால் சொன்னால் மட்டும் கடன் தீருமா? அதற்கும் அந்தப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே ஒரு வழி இருக்கிறது.

கோயிலில் அணையாமல் எரிய ஒரு விளக்கு வைக்க வேண்டுமானால், ஆடுமாடுகளைக் கொடுக்கும் வழக்கம் அன்று இருந்தது. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்று கணக்கு. பசுவாக இருந்தால் 48. எருமையாக இருந்தால் 16. அந்த ஆடுகளை ஓர் இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடுகள் சாகுமே, கிழடாகுமே என்று கேட்பீர்கள். சாகும். ஆனால் குட்டி போடும். செத்ததற்கு ஈடாகக் குட்டியைச் சேர்த்து, 96 என்ற எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டியது ஆட்டைப் பெற்றவரின் பொறுப்பு. அதனால்தான் கல்வெட்டுகள் அவற்றை 'சாவா மூவாப் பேராடு' என்று அழைக்கின்றன. சாகாத, மூப்படையாத ஆடு! ஒவ்வோர் ஆட்டுக்கும் சாவு உண்டு. மந்தைக்குச் சாவு இல்லை. இந்தச் சொல்லைக் கண்டுபிடித்த தமிழனின் அறிவை எண்ணி எண்ணி வியக்கிறேன்.

முன்பின் அறியாதவர் செய்கிற உதவியும் அப்படி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட மந்தைதான், அன்பர்களே. கொடுத்தவரிடம் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அவர் வேன் ஏறிப் போய்விட்டார். ஆனால் அது நம் கையில் செத்துப்போகவும் விடக்கூடாது. நாள்தோறும் ஓர் உழக்கு அளக்க வேண்டும். நமக்குக் கொடுத்தவர் வேறு, நம்மிடம் பெறுகிறவர் வேறாக இருக்கலாம். விளக்கு அணையாமல் எரிந்தால் போதும்.

இது நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். நட்டு வைத்த இரண்டு கல், மேலே குறுக்காக ஒரு கல். தலைச்சுமையோடு வருகிறவர் இன்னொருவர் கைக்காகக் காத்திருக்காமல், குனியாமல், சுமையை அப்படியே இறக்கி வைக்கலாம். பெரும்பாலும் பிள்ளைப்பேறு காணாமல் சூலோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைத்த கல் அது. தான் இறக்கி வைக்க முடியாமல் போன சுமையை, வழியில் போகிற யாராவது இறக்கி வைக்கட்டும் என்று அந்தப் பெண்ணின் குடும்பம் கல் நட்டது. யாருக்காக? பெயர் தெரியாதவனுக்காக. தன் மாமியாரின் காலை இழந்த ஒரு மருமகள், என் அம்மாவின் காலுக்குக் கீழே துண்டை மடித்து வைத்தாளே, அதற்கும் இந்தக் கல்லுக்கும் என்ன வேறுபாடு? தன் துயரத்தை அவள் வழிப்போக்கருக்குச் சுமைதாங்கியாக நட்டுவைத்தாள். அவ்வளவுதான்.

என் உழக்கு நெய்யை எப்படி அளப்பது என்று யோசித்தேன். என்னால் முடிந்தது மிகச் சிறியது. அடுத்த ஆண்டு முதல், கோடை விடுமுறைக்கு முந்தைய கடைசி வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் இந்தக் கதையைச் சொல்கிறேன். விடுமுறைக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கிறேன். வீட்டில் தாத்தா, பாட்டி, சர்க்கரை உள்ள அப்பா, அம்மா யாராக இருந்தாலும், இரவு படுப்பதற்கு முன் அவர்கள் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விரல் இடுக்கையும் பார்க்க வேண்டும். வெடிப்பு, கொப்புளம், நிறமாற்றம் இருந்தால் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். ஓர் ஆண்டு, விடுமுறை முடிந்து வந்த ஒரு மாணவன் என்னிடம் ஓடி வந்தான். "ஐயா, எங்க தாத்தா கால்ல ஒரு முள்ளு இருந்துச்சு. அவருக்கே தெரியல. நான்தான் கண்டுபிடிச்சேன்" என்றான். அவன் முகத்தில் இருந்த பெருமையை நான் எந்த மதிப்பெண் பட்டியலிலும் கண்டதில்லை. அந்தப் பெண்மணியின் ஆடு குட்டி போட்டுவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

இப்போது உங்களிடம் ஒரு விண்ணப்பம். வருகிற பங்குனியில் நம் ஊர்க் கோயில் திருவிழா. உச்சி வெயிலில் பிரகாரம் எப்படிச் சுடும் என்று உங்களுக்குத் தெரியும். நீர்மோர்ப் பந்தலை நம் இளைஞர்கள் ஆண்டுதோறும் சிறப்பாகப் போடுகிறார்கள். அந்தப் பந்தலுக்குப் பக்கத்திலேயே இந்த முறை இன்னொரு சிறு பந்தல் போடுவோம். இரண்டு பெஞ்சு, நாலு குடம் தண்ணீர், நனைத்துப் பிழிந்த சாக்கு விரிப்பு, கொஞ்சம் பருத்தித் துண்டு. இவற்றைவிட முக்கியமாக, முறை வைத்து நிற்பதற்கு ஐந்தாறு பிள்ளைகள். அவர்கள் சாமி பார்ப்பதற்கு முன் ஆளைப் பார்க்கட்டும். எல்லோரும் துள்ளும் இடத்தில் யார் துள்ளாமல் நிற்கிறார்கள் என்று பார்க்கட்டும். அப்படி ஒருவரைக் கண்டால், "அம்மா, கொஞ்சம் நெழலுக்கு வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்து வரட்டும். சுட்டிருந்தால் குளிர்ந்த நீரை நிறுத்தாமல் ஊற்றட்டும். மஞ்சளும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். பிறகு மருத்துவரிடம் அனுப்பட்டும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு பெண்மணி தனியாக, மூன்று பாட்டில் தண்ணீரில் செய்து காட்டியதுதானே!

இன்னொரு விண்ணப்பம். இன்றிரவு வீட்டுக்குப் போனதும், உங்களுக்கு எப்போதோ, எங்கேயோ, முகம் தெரியாத ஒருவர் செய்த உதவியை உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ரயிலில் இடம் கொடுத்தவராக இருக்கலாம். மழையில் வண்டியைத் தள்ளிவிட்டவராக இருக்கலாம். காணாமல் போன குழந்தையைக் கையில் பிடித்து வைத்திருந்தவராக இருக்கலாம். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. எந்த ஊர், எந்த வேளை, என்ன சொன்னார் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் மனம் புதுக்கல். அதில் வெட்டினால் நிற்கும்.

நிறைவாக ஒன்று சொல்லி அமர்கிறேன். அம்மாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. அந்திப் பொழுதில் வீட்டில் விளக்கேற்றுவது இன்றும் அவர்தான். திரியைத் தூண்டிவிட்டு, வழக்கமாகச் சொல்லும் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். என் பெயர், மருமகள் பெயர், பேரப் பிள்ளைகள் பெயர். 2018 மே மாதத்துக்குப் பிறகு அந்தப் பட்டியலில் கடைசியாக ஒன்று சேர்ந்திருக்கிறது. ஒருநாளும் அது விட்டுப்போனதில்லை.

"பேரு தெரியாத அந்தப் பொண்ணு, புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும்."